ஒற்றைப் பாடலும் தொகுப்பவர் கடனும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தொகுத்தல் தமிழில் மிகப் பழைய தொழில். தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளை நான்காகப் பகுக்கும்போது தொகுத்தலையே முதலாவதாக வைக்கிறது. விரித்தலும் மொழிபெயர்த்தலும் அதற்குப் பின்னரே வருகின்றன. பாடியவர், தொகுத்தவர், தொகுப்பித்தவர் என மூவரையும் வேறுவேறாக எண்ணிய மரபு இது. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்றும், ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் என்றும் இன்றளவும் சொல்லப்படுகிறது. பாட்டைப் பாடாதவருக்கும் பாட்டின் வரலாற்றில் ஓர் இடம் அளிக்கப்பட்டிருக்கிறது.

பத்தாண்டுகளை நிறைவு செய்யும் ஓர் இலக்கிய வட்டம் தன் மலரைத் தொகுக்கும் வேளையில், தொகுப்பவரின் தொழிலைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமாகும். அதற்குச் சான்றாக இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது தமிழ் மரபிலிருந்து வெகு தொலைவில் உள்ள ஒன்று. கடந்துபோன காலத்தின் ராக் பாடல்களைத் தேடித் திரட்டி, ஓர் ஒலிநாடாவில் வரிசைப்படுத்தி, நண்பருக்குக் கொடுக்கும் பழக்கமே அது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ‘மிக்ஸ்டேப்’ எனப் பெயர்பெற்ற இப்பழக்கத்தை இளைஞர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவோர் பலர். ஆனால் அதே மனநிலையில் செய்யப்பட்ட ஒரு தொகை, ஓர் இசைக்காலத்தையே மறதியிலிருந்து மீட்டது. அடுத்த தலைமுறையின் இசைக்கு வித்தாகவும் அமைந்தது. அந்தத் தொகையின் கதையைச் சொல்லுமுன், நாடாவில் தொகுக்கும் முறையைச் சற்றுக் காண்பது நல்லது.

நாடாவும் நேரமும்

கேசட் என்று எல்லோரும் அறிந்த ஒலிநாடாப் பேழை 1963ஆம் ஆண்டு பெர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனத்தாரால் அறிமுகப்படுத்தப்பட்டது. அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஓட்டன்ஸ் என்னும் டச்சுப் பொறியாளர். கருவியின் அளவை முடிவு செய்வதற்காகத் தம் மேற்சட்டைப் பையில் அடங்கக்கூடிய ஒரு மரக்கட்டையை அவர் மாதிரியாக வைத்துக்கொண்டார். பேழைக்குள் ஓடும் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், அது ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். சி-90 என்னும் வகையில் பக்கத்துக்கு 45 நிமிடமாக 90 நிமிட இசை அடங்கும்.

1960களில் பள்ளிச் சிறுவராக இருந்து, 1980களில் குடும்பத்தவராகிவிட்ட ஒருவர் தம் இளமைக்காலப் பாடல்களைத் தொகுக்க அமர்வதாகக் கொள்ளலாம். அவரிடம் இருப்பவை நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறிய இசைத்தட்டுகள். அக்காலப் பாடல் ஒவ்வொன்றும் பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்று நிமிடம். எனவே ஒரு பக்கத்தில் பதினைந்து, பதினாறு பாடல்கள் அடங்கலாம். அவர் முதலில் ஒரு தாளில் பாடல்களின் நேரத்தை எழுதிக் கூட்டிப் பார்க்கிறார். கடைசிப் பாடல் நடுவில் அறுந்துபோகக் கூடாது. பக்கத்தின் முடிவில் நெடுநேரம் மௌனமும் இருக்கக் கூடாது. பின்னர் ஒவ்வொரு தட்டாக வைத்து, ஊசியை இறக்கி, ஒலியளவு காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்கு அப்பால் நிலைத்துவிடாதபடி திருத்தி, உரிய நொடியில் பதிவைத் தொடங்குகிறார்.

இம்முறையில் குறுக்கு வழி கிடையாது. 90 நிமிட நாடாவை நிரப்ப 90 நிமிடத்துக்கும் மேலாகும். தொகுப்பவர் ஒவ்வொரு பாடலையும் முழுமையாகக் கேட்டே ஆகவேண்டும். நினைவில் இனித்த ஒரு பாடல், இன்று கேட்கும்போது வெறுமையாகத் தோன்றலாம். அன்று பொருட்படுத்தாத பாடல் ஒன்று நெஞ்சைப் பிடித்து நிறுத்தலாம். நினைவு கொடுத்த பட்டியலைச் செவி திருத்துகிறது. தொகுப்பின் தரம் இத்திருத்தத்தில்தான் இருக்கிறது. எல்லாம் முடிந்தபின், பேழையின் பின்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளை அவர் உடைத்துவிடுகிறார். அதன் பிறகு அந்த நாடாவின்மேல் மறந்தும் வேறொன்றைப் பதிய இயலாது.

தமிழகத்தாருக்கும் இது அயலான காட்சி அன்று. 1980களில் ஊர்தோறும் இருந்த பாடல் பதிவுக் கடைகளில், வெற்று கேசட் ஒன்றோடு நோட்டுப் புத்தகத் தாளில் எழுதிய பட்டியலைக் கொடுத்துவிட்டு, சில நாள் கழித்துச் சென்று வாங்கிவந்தவர்கள் இந்த அவையிலும் இருப்பார்கள். திரைப்பாடல்களை வரிசைப்படுத்தி எழுதிய அந்தத் தாள்களும் தொகைகளே. பல வீடுகளில் ஒருவர் கைப்பட எழுதியவற்றுள் அந்தப் பாடல் பட்டியல் மட்டுமே எஞ்சியிருக்கவும் கூடும்.

வண்டிக் கொட்டகையில் பிறந்த இசை

மேலே குறிப்பிட்ட தொகைக்குப் பொருளான பாடல்கள் பெரும்பாலும் 1965 முதல் 1968 வரை அமெரிக்காவில் எழுந்தவை. 1964 பிப்ரவரி 9 அன்று, எட் சல்லிவன் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பிரிட்டனின் பீட்டில்ஸ் குழுவினர் பாடினர். ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் பேர் அதனைக் கண்டனர். அதன் விளைவாக அமெரிக்கச் சிற்றூர்களிலும் புறநகர்களிலும் இளைஞர்கள் கிதாரும் டிரம்ஸும் வாங்கிக் குழு அமைக்கத் தொடங்கினர். பயிற்சிக்கு இடம், வீட்டில் கார் நிறுத்தும் கொட்டகை. ‘கராஜ் ராக்’ என்ற பெயர் இந்த இசைக்கு வந்த காரணம் இதுதான்.

இவர்கள் இசையைக் கற்றுத் தேர்ந்தவர்கள் அல்லர். பெரும்பாலோர்க்குச் சில சுரக்கூட்டுகளே தெரியும். வட்டாரத்தில் இயங்கிய சிறிய நிறுவனம் ஒன்று அவர்களுடைய ஒரு பாடலைத் தட்டில் பதிக்கும். உள்ளூர் வானொலி சில வாரம் ஒலிபரப்பும். சிலருக்கு நாடு முழுவதும் பெயர் கிடைத்தது. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகர இளைஞர்களான கவுண்ட் ஃபைவ் குழுவினரின் பாடல் 1966இல் தேசிய வரிசையில் ஐந்தாம் இடம் வரை சென்றது. அதற்குப் பின் அவர்களால் அந்த உயரத்தை எட்ட முடியவில்லை. பல குழுக்களின் கதை இதைவிடச் சுருக்கமானது. வியட்நாம் போருக்கான கட்டாயப் படைச்சேர்ப்பு சிலரைக் கொண்டுபோயிற்று. கல்லூரியும் வேலையும் திருமணமும் மற்றவர்களைக் கொண்டுபோயின. 1968க்குள் ரசனையும் மாறி, நீண்ட இசைத்தட்டுகளில் நீண்ட பாடல்களைப் பாடுவோரே பெரியோர் எனப்பட்டனர். மூன்று நிமிடப் பாடலைப் பாடிய சிறுவர்கள் பழைய தட்டுக் கடைகளின் பெட்டிகளுக்குள் மறைந்தனர்.

பொற்கட்டிகள்

எலெக்ட்ரா இசை நிறுவனத்தை நிறுவிய ஜாக் ஹோல்ஸ்மன், அக்காலப் பாடல்களைத் தொகுக்கும் பணியை லென்னி கே என்னும் இளைஞரிடம் ஒப்படைத்தார். லென்னி கே இசை விமர்சனம் எழுதிவந்தவர்; நியூயார்க்கில் பழைய இசைத்தட்டுக் கடை ஒன்றில் பணிபுரிந்தவர். அவர் தெரிந்தெடுத்த 27 பாடல்கள் 1972இல் இரட்டை இசைத்தட்டாக வெளிவந்தன. தொகுப்பின் பெயர் ‘நகெட்ஸ்’. மண்ணுக்குள்ளிருந்து எடுக்கும் பொற்கட்டிகள் என்பது அதன் பொருள். அது கேசட்டுக்காகச் செய்யப்பட்டதன்று. ஆயினும் மிக்ஸ்டேப்பின் மனநிலை முழுவதும் அதில் இருக்கிறது. 27 பாடல்களும் ஒரு சி-90 நாடாவில் அடங்கிவிடும் என்பதும் ஒரு சுவையான பொருத்தம்.

இங்கே ஒன்றைக் கருதவேண்டும். 1972இல் அந்தப் பாடல்களுள் பெரும்பாலானவற்றுக்கு வயது நான்கு முதல் ஏழு வரைதான். அவை பழம்பொருள் ஆகியிருக்கவில்லை. வெறும் பழைய சரக்கு ஆகியிருந்தன. ஒரு படைப்புக்கு மிகவும் இடர் நிறைந்த பருவம் இதுவே. புதுமையின் ஒளி போயிருக்கும். தொன்மையின் மதிப்பு வந்திருக்காது. இலக்கியத்திலும் இப்படித்தான். நேற்றைய சிற்றிதழ் நூற்றாண்டு கடந்தால் ஆவணம். பத்தாண்டில் அது பரணில் கிடக்கும் காகிதம். தொகுப்பவரின் கை தேவைப்படுவது அந்தப் பத்தாண்டில்தான்.

ஒற்றைப் பாடல்காரர்கள்

லென்னி கே தெரிந்தெடுத்தவர்களுள் பலர் ஒரே ஒரு பாடலுக்காக நினைக்கப்படுபவர்கள். பார்பேரியன்ஸ் என்னும் குழுவின் டிரம்ஸ் இசைஞர் விக்டர் மோல்ட்டன் சிறுவயதில் ஒரு வெடிவிபத்தில் இடக்கையை இழந்தவர். பொருத்தப்பட்ட கொக்கியில் கோலைப் பிடித்து அவர் வாசித்தார். 1966இல் வெளிவந்த ‘மோல்ட்டி’ என்னும் பாடல் அவருடைய கதையை அவர் வாயாலேயே சொல்கிறது. அதில் கலைநுட்பம் மிகுதி என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அதைப் பாடியிருக்கக் கூடியவர் உலகில் அவர் ஒருவரே.

டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரைச் சேர்ந்த தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் குழுவின் பாடகர் ரோக்கி எரிக்சன். பிரிந்துபோகும் காதலியை நோக்கி, நீயே வருந்துவாய் என்று முழங்கும் பாடல் ஒன்றை அவர் பதின்பருவத்திலேயே எழுதினார். அவருக்குப் பின்னணியாக டாமி ஹால் என்பவர் ஒரு குடத்தை வாயருகே வைத்து எழுப்பிய விந்தையான ஒலி அந்தப் பாடலில் கேட்கும். 1966இல் அது தேசிய வரிசையில் 55ஆம் இடம் வரை வந்து நின்றுவிட்டது. 1969இல் கஞ்சா வைத்திருந்ததாக எரிக்சன் கைதானார். சிறைத் தண்டனைக்கு அஞ்சி, மனநிலை சரியில்லை என்று முறையிட்டதன் விளைவாக ரஸ்க் நகர அரசு மனநல மருத்துவமனையில் 1972 வரை அடைக்கப்பட்டார். அங்கிருந்தபோது அவர் கவிதைகள் எழுதினார். அவை 1972இல் சிறு நூலாகவும் வந்தன. பாடகர் பூட்டிய வாயிலுக்குள் இருந்த காலத்தில், அவருடைய குரலைக் கேட்டறியாத இல்லங்களுக்குக் கொண்டுசேர்க்கும் தொகை நியூயார்க்கில் உருவாகிக்கொண்டிருந்தது. எரிக்சன் 2019இல் மறைந்தார். அவரைப் பற்றிப் பேசுவோர் இன்றும் அந்த ஒரு பாடலிலிருந்தே தொடங்குகிறார்கள்.

இதைக் கேட்கும்போது தமிழறிந்தோர்க்குக் குறுந்தொகை நினைவுக்கு வராமல் இராது. செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் ஆகியோரின் இயற்பெயர் எவருக்கும் தெரியாது. அவர்கள் பாடலில் அமைந்த உவமையோ தொடரோ அவர்களுக்குப் பெயராகிவிட்டது. செம்புலப் பெயனீரார்க்குக் கிடைத்திருப்பது ஒரே பாடல். அந்தப் பாடல் ஐந்தே அடி. பூரிக்கோ அதனை விட்டிருந்தால் அப்படி ஒருவர் வாழ்ந்ததற்கே தடயம் இராது. கபிலரும் பரணரும் பல தொகைகளில் பரந்து நிற்பதால் எப்படியும் தப்பியிருப்பார்கள். ஒற்றைப் பாடல்காரருக்குத் தொகுப்பவரே கதி. பெரியோரைத் தொகுப்பது எளிது. அதற்குப் பிறர் முன்பே தீர்ப்பு வழங்கிவிட்டார்கள். ஒரே ஒரு நல்ல பாட்டை மட்டும் தந்துவிட்டுப் போனவரை அடையாளம் காண்பதில்தான் தொகுப்பவரின் செவி சோதிக்கப்படுகிறது.

வைப்புமுறை என்னும் கலை

தெரிந்தெடுத்தபின் வருவது வைப்புமுறை. எதை முதலில் வைப்பது, எதற்குப் பின் எதை வைப்பது என்னும் சிந்தனை நாடா தொகுப்போர் அனைவரையும் வருத்தியிருக்கிறது. இரண்டு ஆரவாரப் பாடல்கள் அடுத்தடுத்து வந்தால் இரண்டாவது சோர்ந்துவிடும். மெல்லிய பாடலுக்குப் பின் சற்று மௌனம் வேண்டும். முதற்பக்கத்தின் கடைசிப் பாடல், நாடாவைத் திருப்பிப் போடும் ஆவலை எழுப்பவேண்டும்.

லென்னி கே தம் தொகுப்பை எலெக்ட்ரிக் ப்ரூன்ஸ் என்னும் குழுவின் பாடலால் தொடங்கினார். பின்னோக்கி ஓடவிடப்பட்ட கிதாரின் அதிர்வொலியோடு எழும் பாடல் அது. இரவெல்லாம் இழந்த காதலியைக் கனவில் கண்டவன் விழித்தெழுந்து கலங்குவதே அதன் பொருள். கடந்துபோன காலத்தைத் திரும்ப அழைக்கும் தொகைக்கு இதைவிடப் பொருத்தமான வாயில் அமைய முடியாது. கனவு கலைந்த இடத்தில் தொகை தொடங்குகிறது. போனது திரும்பாது என்பதை முதற்பாட்டே சொல்லிவிடுகிறது.

வைப்புமுறையில் தமிழ்த் தொகையாளர் கண்ட நுட்பம் வியக்கத்தக்கது. நாடாவின் நீளம் தொகுப்பவரைக் கட்டுப்படுத்துவதுபோல் அவர்களை அடியளவு கட்டுப்படுத்திற்று. நான்கு முதல் எட்டு அடி வரை குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை, பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூறு என்று பகுத்தனர். அகநானூற்றில் அதற்கும் மேலே சென்றனர். ஒற்றைப்படை எண்ணுடைய பாடல்கள் அனைத்தும் பாலை. இரண்டும் எட்டுமாக முடிபவை குறிஞ்சி. நான்கில் முடிபவை முல்லை. ஆறில் முடிபவை மருதம். பத்துப்பத்தாக வருபவை நெய்தல். இதனால் விளைந்த பயனைக் கருதவேண்டும். வரிசையாகக் கற்பவர் எந்தத் திணையைக் கடந்தாலும் அடுத்து மீண்டும் பாலைக்குள் நுழைகிறார். ஒவ்வொரு கூடலுக்கும் ஊடலுக்கும் பின் ஒரு பிரிவு காத்திருக்கிறது. தனிப்பாடல் எதிலும் இல்லாத இந்தப் பொருளைத் தொகையின் வரிசை தருகிறது. தொகுப்பவர் ஒரு சொல்லும் எழுதாமலே ஒரு கருத்தைச் சொல்லிவிடுகிறார்.

ஏக்கமும் வித்தும்

பழம்பாடல் தொகுப்போரை நோக்கி எழும் குற்றச்சாட்டு ஒன்றுண்டு. அது கடந்தகால ஏக்கம், செயலற்ற பெருமூச்சு என்பார்கள். இந்தக் குற்றச்சாட்டைப் புறந்தள்ளிவிட முடியாது. அன்று எல்லோரும் கேட்டதையே மீண்டும் அடுக்கி, அந்தநாள் போல் வருமா என்று மயங்கும் தொகைகள் ஏராளம். அவை கேட்பவரைத் தாலாட்டுகின்றன. அதற்கு மேல் ஒன்றும் செய்வதில்லை.

‘நகெட்ஸ்’ வேறு வழியில் சென்றது. அதன் அறிமுகக் குறிப்பில் லென்னி கே இந்த இசையைக் குறிக்க ‘பங்க் ராக்’ என்னும் தொடரைப் பயன்படுத்தினார். அந்தத் தொடரை அச்சில் ஆண்ட முன்னோடிகளுள் அவர் ஒருவர். அன்று அது பழைய இசை ஒன்றுக்கு இடப்பட்ட பெயர். தேர்ச்சி குறைவாயினும் துணிவு குறையாத இளைஞர்களின் இசை என்பது அதன் உட்பொருள். அதைக் கேட்ட புதிய தலைமுறைக்கு அது பழம்பெருமையாகப் படவில்லை. தம்மாலும் இயலும் என்னும் அழைப்பாகவே பட்டது. 1976இல் அத்தொகுப்பை சையர் என்னும் நிறுவனம் மறுபதிப்புச் செய்தது. அதே ஆண்டில் அதே நிறுவனம் நியூயார்க்கின் ரமோன்ஸ் குழுவினரது முதல் இசைத்தட்டையும் வெளியிட்டது. அரைமணி நேரத்துக்குள் 14 பாடல்கள் அதில் இருந்தன. வண்டிக் கொட்டகையின் மூன்று நிமிடப் பாட்டு மறுபிறவி எடுத்துவிட்டது. பழைய இசைக்கு இடப்பட்ட பெயர் புதிய இசையின் பெயராயிற்று.

லென்னி கே தாமும் அம்மாற்றத்தில் பங்கு பெற்றார். 1971 பிப்ரவரி 10 அன்று, நியூயார்க்கின் செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தில் நடந்த கவிதை வாசிப்பில் பாட்டி ஸ்மித் என்னும் இளங்கவிஞர் தம் கவிதைகளைப் படித்தார். அருகில் நின்று மின்கிதார் வாசித்தவர் லென்னி கே. கவியரங்கில் தொடங்கிய அந்தக் கூட்டு 1975இல் ‘ஹார்சஸ்’ என்னும் இசைத்தட்டாக வளர்ந்தது. பின்னோக்கிப் பார்த்துத் தொகுத்த கையும் முன்னோக்கிப் புதிய கவிதைக்கு இசை அமைத்த கையும் ஒன்றே. கவிஞர்கள் கூடியுள்ள இந்த அவை இதனை நினைவில் வைக்கலாம்.

பெயரும் விடுபாடும்

தொகுப்பவர்க்குக் கடன்களும் உண்டு. முதற்கடன் பெயரை எழுதுவது. 1980களின் தொடக்கத்தில், வீட்டில் நாடாப் பதிவு செய்வது இசையைக் கொல்கிறது என்று பிரிட்டனின் இசைத்தட்டுத் தொழில் அமைப்பு பரப்புரை செய்தது. மண்டையோட்டுச் சின்னத்தில் தலைக்குப் பதில் கேசட்டை வரைந்தது. ஜெர்மனி 1965ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பதிவுக் கருவிகளின்மீது படைப்பாளர்க்கான கட்டணத்தை விதித்திருந்தது. 1992இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டம், வணிக நோக்கமின்றித் தம் பயனுக்குப் பதிவு செய்வோர்மீது வழக்குத் தொடுப்பதைத் தடுத்தது. சட்டத்தின் வழக்கு இவ்வாறு ஒருவகையில் தீர்ந்தது. அறத்தின் வழக்கு தீரவில்லை. பேழையின் அட்டையில் பாடகர் பெயரை எழுதுவோர் பாடலை எழுதியவரைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். ‘நகெட்ஸ்’ தொகுப்பின் முதற்பாடலை எழுதியவர்கள் அனெட் டக்கர், நான்சி மான்ட்ஸ் என்னும் இரு பெண்கள். ஆண்குரலில் ஒலிக்கும் அந்தப் பாட்டைக் கேட்டவர்களுள் எத்தனை பேர் இதனை அறிந்திருப்பார்கள்? சங்கப் பாடல்களுள் 102 பாடல்களைப் பாடியோர் பெயர் தெரியவில்லை என்பர். பெயரை இழந்த பாட்டு அநாதை ஆகிறது. அதைத் தடுக்கும் வாய்ப்பு கடைசியாகத் தொகுப்பவர் கையில்தான் இருந்தது.

இரண்டாம் கடன், விட்டவற்றைப் பற்றிய எண்ணம். பெண்களே கூடி அமைத்த குழு எதுவும் அந்த 27இல் இல்லை. டெட்ராய்ட்டில் குவாட்ரோ சகோதரிகள் 1964இல் அமைத்த ப்ளெஷர் சீக்கர்ஸ் போன்ற குழுக்கள் அதே கொட்டகை இசையைத்தான் வாசித்தன. மிச்சிகனில் வளர்ந்த மெக்சிக வழிவந்த இளைஞர்கள் பாடி 1966இல் தேசிய வரிசையின் முதலிடத்தை எட்டிய ‘நைன்ட்டி சிக்ஸ் டியர்ஸ்’ பாடலும் அதில் இல்லை. எந்தத் தொகையும் முழுமையாவதில்லை. ஆயினும் நல்ல தொகைக்கு ஓர் ஆபத்து உண்டு. அது நன்றாக அமைந்துவிட்டால், அதில் உள்ளவையே அந்தக் காலம் என்று பின்வருவோர் நம்பிவிடுவர். 1998இல் ரைனோ நிறுவனம் அதனை 4 குறுந்தகடுகளாகவும் 118 பாடல்களாகவும் விரித்து வெளியிட்டது, முதல் தொகை மூடிய கதவுகளைத் திறக்கும் ஒரு முயற்சி. மரபியல் கூறும் தொகைவிரி என்னும் வகைக்கு அதனையும் ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

மூன்றாம் கடனே மிகக் கடினமானது. லென்னி கே அந்தக் காலத்துக்கு வெறும் கேட்பவராக இருந்தவரல்லர். 1966இல் லிங்க் க்ராம்வெல் என்னும் புனைபெயரில் அவரும் ஒரு பாடலைப் பாடி இசைத்தட்டு வெளியிட்டிருந்தார். அது வெற்றி பெறவில்லை. ஆக அவரும் ஓர் ஒற்றைப் பாடல்காரரே. ஆறு ஆண்டுகளுக்குப் பின், அதே காலத்தின் 27 பாடல்களைத் தெரிந்தெடுக்கும் முழு உரிமை அவர் கைக்கு வந்தபோது, தம் பாடலை அவர் அதில் வைக்கவில்லை.

கூடலூர் கிழாரும் இப்படியே செய்தார். அவர் நல்ல கவிஞர். புதிதாக இல்லறம் ஏற்ற பெண் தானே சமைத்துக் கணவனுக்கு உணவளிக்கும் காட்சியைக் குறுந்தொகையில் பாடி அழியாப் புகழ் பெற்றவர். அவர் தொகுத்த ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார், அம்மூவனார், கபிலர், ஓதலாந்தையார், பேயனார் என்னும் ஐவர் பாடல்களே உள்ளன. ஐந்நூறு பாடல்களுக்கு இடையே தம் பாட்டு ஒன்றுக்கு அவர் இடம் தேடவில்லை. அவர் பாட்டு வேறொருவர் தொகையில், வேறொருவர் தெரிந்தெடுத்ததால் நிலைபெற்றது.

எஞ்சுவது

கேசட்டின் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. குறுந்தகடும் கணினிக் கோப்பும் இணைய இசைச் சேவைகளும் அதன் இடத்தைப் பிடித்தன. இன்று இயந்திரமே கேட்பவரின் விருப்பத்தைக் கணக்கிட்டுப் பாடல்களை வரிசைப்படுத்தித் தருகிறது. அந்த வரிசையில் நேரக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே எதையும் விடவேண்டிய துயரமும் இல்லை. ஒருவர் மற்றொருவருக்காக 90 நிமிடம் அமர்ந்து கேட்டார் என்னும் செய்தியும் அதில் இல்லை. லூ ஓட்டன்ஸ் 2021இல் மறைந்தார். அவர் செய்த பேழைகள் இன்னும் பல வீடுகளின் இழுப்பறைகளில் கிடக்கின்றன. நாடாவின் காந்தப் பூச்சு ஆண்டுதோறும் தேய்கிறது. எனினும் அட்டையில் உள்ள கையெழுத்து இன்னும் படிக்கக் கூடியதாகவே இருக்கிறது.

அவையோரே, இந்த வட்டத்தின் பத்தாண்டுகளில் இங்கு வந்து ஒரே ஒரு கவிதையைப் படித்துவிட்டுப் பின்னர் வராமலே போனவர்கள் இருப்பார்கள். வேலை ஊர் மாற்றியிருக்கும். குடும்பம் நேரத்தை எடுத்துக்கொண்டிருக்கும். சிலரைக் காலமே எடுத்துக்கொண்டிருக்கும். அவர்கள் தந்த அந்த ஒரு கவிதை யாருடைய கோப்பிலாவது மடிந்து கிடக்கும். அது இன்னும் பழம்பொருள் ஆகவில்லை. பழைய காகிதம் ஆகும் பருவத்தில்தான் இருக்கிறது. அதனைத் தேடி எடுத்து, முழுமையாகப் படித்துப் பார்த்து, தரமுடையதாயின் உரிய இடத்தில் வைத்து, எழுதியவர் பெயரைப் பிழையின்றி எழுதுவது தொகுப்பவர் கடன். மலரின் பக்கங்களும் நாடாவைப் போல் அளவுடையவை. ஆகவே தேடி எடுத்த அந்தக் கவிதைக்கு இடம் போதாமல் போனால், தொகுப்பவர் தம் கவிதையை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தை அதற்குத் தரலாம். கூடலூர் கிழார் காட்டிய வழி அது.